வேண்டுதலும் உறவுமுறையும்: பிளாக் எல்க்கின் இரு வழிபாடுகள்

லக்கோட்டா மொழியில் 'செக்கியா' என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்கு இரண்டு பொருள். ஒன்று, இறைவனை வேண்டுதல். மற்றொன்று, ஒருவரை உறவுமுறை சொல்லி அழைத்தல். டக்கோட்டா குடும்பத்தில் பிறந்து, மானிடவியலாளராகவும் மொழியியலாளராகவும் விளங்கிய எல்லா டெலோரியா, 1944இல் வெளியான தம் நூலில் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஒருவரைத் 'தாத்தா' என்று அழைத்த கணத்திலேயே இருவருக்கும் கடமை பிறந்துவிடுகிறது. அழைக்கப்பட்டவர் இரங்க வேண்டும். அழைத்தவர் அந்த உறவுக்கு உரியவராக நடந்துகொள்ள வேண்டும். இறைவனிடம் வேண்டுவதும் இதே செயல்தான். அகராதியின் ஓரத்தில் கிடக்கும் இச்சிறு செய்தி, 20ஆம் நூற்றாண்டில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட ஒரு சமய வாழ்வைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

அந்த வாழ்வு பிளாக் எல்க்குடையது. ஓக்லாலா லக்கோட்டா மக்களின் புனிதர். தாய்மொழியில் ஹெஹாகா சாப்பா. கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெயர் நிக்கோலஸ். சுமார் 1863இல் பிறந்து 1950இல் மறைந்தவர். அவரைப் பற்றிய நூல்களை அடுக்கி வைத்தால் அவை இரு வரிசையாகப் பிரியும். ஒரு வரிசையில் அவர், தோற்றுப்போன ஒரு மக்களின் கடைசித் தீர்க்கதரிசி. மேலைச் சமயம் தீண்டாத தூய மரபின் குரல். மற்ற வரிசையில் அவர், பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி கற்பித்த கத்தோலிக்க வேதியர். இரு வரிசைக்கும் நடுவில் நிற்பது ஒரே கேள்வி: உள்ளத்தின் ஆழத்தில் அவர் எந்தச் சமயத்தவர்? இக்கேள்விக்கு விடை தேடுவதைவிட, இதை யார் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்று பார்ப்பதில் பயன் அதிகம்.

அவருக்கு ஒன்பது வயதானபோது கடும் நோய் கண்டது. பன்னிரண்டு நாள்கள் நினைவின்றிக் கிடந்தார் என்பர். அந்நாள்களில் அவருக்குக் கிட்டிய காட்சியே அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் சுமையாகவும் பேறாகவும் அமைந்தது. நான்கு திசைகளிலும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குதிரைகள். மேகக் கூடாரத்தில் அமர்ந்திருந்த ஆறு தாத்தாக்கள். மேற்கு, வடக்கு, கிழக்கு, தெற்கு, வானம், பூமி ஆகிய ஆறின் ஆற்றல்களே அந்த ஆறு முதியவர்கள். மக்களின் வாழ்வு ஒரு வளையமாகவும், அவ்வளையத்தின் நடுவே பூக்கும் மரம் ஒன்றும் அவருக்குக் காட்டப்பட்டன. சிவப்புப் பாதை, கறுப்புப் பாதை என இரு வழிகள் அங்கே குறுக்கிட்டன. இங்கே கவனிக்க வேண்டியது உறவுப்பெயர். பிரபஞ்சத்தின் பேராற்றல்கள் ஓர் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தாத்தாக்களாகவே அறிமுகமாயின.

அச்சிறுவன் வளர்ந்த காலம் அம்மக்களின் வரலாற்றில் மிகக் கொடிய காலம். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை கருங்குன்றுகளை லக்கோட்டா மக்களுக்கு உரியவை என உறுதிசெய்தது. 1874இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1877இல் அந்நிலம் பறிக்கப்பட்டது. இடையில் 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படை அழிந்தபோது பிளாக் எல்க் பன்னிரண்டு வயதைத் தாண்டிய சிறுவனாக அங்கிருந்தார். மறு ஆண்டு, அவருடைய தந்தைவழி உறவினரான போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸ் கொல்லப்பட்டார். குடும்பம் கனடாவுக்கு ஓடியது, பசியோடு திரும்பியது. தாம் கண்ட காட்சியை ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாமல் அஞ்சி நடுங்கிய இளைஞர், 1881இல் முதியோரின் அறிவுரைப்படி அதை ஊரறியக் குதிரை நடனமாக நிகழ்த்திக் காட்டினார். காட்சி தனிமனிதனின் உடைமை அன்று, மக்கள் முன் நிகழ்த்தப்பட்ட பின்னரே அதன் ஆற்றல் செயல்படும் என்பது அம்மரபின் விதி. அதன்பின் அவர் நோய் தீர்ப்பவராக அறியப்பட்டார்.

1886இல் பஃபலோ பில்லின் காட்சிக்குழுவில் சேர்ந்து நியூயார்க்கிற்கும், மறு ஆண்டு லண்டனுக்கும் சென்றார். விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டு அது; அரசியின் முன் நடனமாடியவர்களுள் அவரும் ஒருவர். மான்செஸ்டரில் கப்பலைத் தவறவிட்டு, வேறொரு குழுவோடு ஐரோப்பாவில் அலைந்து, 1889இல் ஊர் திரும்பினார். வெள்ளையரின் வழி எத்தகையது என்று அறியும் விருப்பமும் அப்பயணத்துக்கு ஒரு காரணம். ஐரோப்பாவிலிருந்து தாய்மொழியில் அவர் எழுதிய கடிதம், மிஷனரிகள் நடத்திய 'இயாப்பி ஒஆயே' என்ற இதழில் அச்சாயிற்று. ஆகவே கிறித்தவத்தோடு அவருடைய உரையாடல் திருமுழுக்கு நாளில் திடீரெனத் தொடங்கியது அன்று. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

திரும்பி வந்தவர் கண்டது பஞ்சத்தையும் ஆவி நடனத்தையும். இறந்த முன்னோரும் எருமைகளும் மீண்டு வருவர் என்ற நம்பிக்கையில் ஆடப்பட்ட அந்நடனத்தில் அவரும் இணைந்தார். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட 250க்கும் மேற்பட்டோர் அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டனர்; அவர்களுள் 146 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சத்தம் கேட்டு விரைந்து சென்ற பிளாக் எல்க், மறுநாள் நடந்த மோதலில் காயமுற்றார்.

இதற்குப் பிந்தைய காலத்தைப் பேசும்போது பலரும் எளிதில் கடந்துசெல்லும் ஓர் உண்மை உண்டு. 1883இல் அமெரிக்க உள்துறை வகுத்த விதிகளின்படி சூரிய நடனம் குற்றம். மருத்துவப் பூசாரிகளின் சடங்குகளும் குற்றம். தண்டனை உணவுப் பங்கீட்டை நிறுத்துதல் அல்லது சிறை. இக்கட்டுப்பாடு 1934 வரை நடைமுறையில் இருந்தது. பிளாக் எல்க் நோய் தீர்த்த ஒவ்வோர் இரவும் சட்டத்தின் கண்ணில் குற்றம் நிகழ்ந்த இரவு. அவருடைய கத்தோலிக்க வாழ்வின் முதல் முப்பது ஆண்டுகள் முழுவதும் இத்தடையின் நிழலில் கழிந்தன. விருப்பமா, வற்புறுத்தலா என்று கேட்பவர் இந்த ஆண்டுக் கணக்கை மறக்கலாகாது.

1892இல் அவர் மணந்த கேட்டி வார் பானெட் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்தார். குழந்தைகளும் திருமுழுக்குப் பெற்றனர். 1903இல் கேட்டி இறந்தார். மறு ஆண்டு நிகழ்ந்ததைப் பிற்காலத்தில் பிறந்த மகள் லூசி லுக்ஸ் டுவைஸ் சொல்லக் கேட்டு, மைக்கேல் ஸ்டெல்டென்காம்ப் என்ற இயேசு சபைக் குரு பதிவு செய்தார். சாகும் தறுவாயிலிருந்த ஒரு சிறுவனுக்காக பிளாக் எல்க் பறையடித்துச் சடங்கு செய்துகொண்டிருந்தார். அங்கே வந்த ஜோசப் லிண்டெப்னர் அடிகளார் பறையையும் கிலுகிலுப்பையையும் பிடுங்கி எறிந்து, பிளாக் எல்க்கைக் கழுத்தைப் பிடித்து வெளியேற்றினார். சாத்தானே, விலகு என்றார். பின்னர் வெளியே தளர்ந்து அமர்ந்திருந்தவரைத் தம் வண்டியில் ஏற்றிப் புனித செபமாலை மிஷனுக்கு அழைத்துச் சென்றார். 1904 டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாளில் திருமுழுக்கு நடந்தது.

இக்கதையில் வன்முறை இருக்கிறது. ஆனால் இதை மகள் சொன்ன தொனியில் பெருமிதமும் இருக்கிறது. மனமாற்றக் கதைகளுக்கே உரிய ஒரு வாய்பாட்டில் இது வார்க்கப்பட்டிருக்கவும் கூடும். மனைவியின் மறைவு, குழந்தைகளின் சமயம், ஐரோப்பிய அனுபவம், சட்டத்தின் அச்சுறுத்தல் ஆகிய அனைத்தையும் விட்டுவிட்டு ஒரு குருவின் கையை மட்டும் காரணமாகக் காட்டுவது எந்தத் தரப்புக்கும் நியாயம் செய்யாது.

அடுத்த கால் நூற்றாண்டு அவர் வேதியராகப் பணியாற்றினார். குருக்கள் எட்டாத குடியிருப்புகளில் ஞாயிறு வழிபாட்டை நடத்தினார்; நோயாளிகளைச் சந்தித்தார்; இறந்தோரை அடக்கம் செய்தார். வயோமிங்கில் அரபஹோ மக்களிடமும் வேறு ஒதுக்கீட்டு நிலங்களிலும் மறைப்பணிக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 400 பேர் அவரால் திருமுழுக்குப் பெற்றனர் என்று குருக்கள் மதிப்பிட்டனர். கற்பிக்கும்போது 'இரு வழிப் படம்' என்ற நீண்ட படச்சுருளை விரித்து வைப்பார். படைப்பு முதல் இறுதி நாள் வரை மானுட வரலாறு அதில் நல்வழி, தீவழி என இரு தடங்களில் வரையப்பட்டிருக்கும். காட்சியில் சிவப்பு, கறுப்புப் பாதைகளைக் கண்டவருக்கு இச்சுருள் அந்நியமாகத் தோன்றியிருக்காது. காட்சி சுருளைப் புரியவைத்ததா, அல்லது பல ஆண்டுகள் சுருளைக் கொண்டு கற்பித்தது காட்சியின் நினைவைத் திருத்தி எழுதியதா என்பது ஆய்வாளரிடையே இன்றும் பேசப்படுகிறது. இரண்டும் ஒருசேர நிகழ்ந்திருப்பதே மனித நினைவின் இயல்புக்கு ஏற்றது.

அக்காலத்தில் அவர் லக்கோட்டா மொழியில் எழுதிய கடிதங்கள் 'ஷினாசாப்பா வொச்செக்கியே தாஎயன்பாஹா' என்ற கத்தோலிக்க இதழில் வெளிவந்தன. இப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். 'ஷினாசாப்பா' என்றால் கறுப்பு அங்கி. இயேசு சபையாரைக் குறிக்கும் பெயர். 'தாஎயன்பாஹா' என்றால் அதன் அறிவிப்பாளர். நடுவில் நிற்கும் 'வொச்செக்கியே' நாம் தொடக்கத்தில் கண்ட 'செக்கியா'விலிருந்து பிறந்த பெயர்ச்சொல். வேண்டுதல் என்பது அதன் பொருள். சமயப் பிரிவையும் அதுவே குறிக்கும். கத்தோலிக்கம் 'கறுப்பு அங்கி வேண்டுதல்' எனப்பட்டது. ஆங்கிலிக்கத் திருச்சபை 'வெள்ளை அங்கி வேண்டுதல்' எனப்பட்டது. ஐரோப்பியர் 'மதம்' என்று சொல்லி ஒரு கொள்கைத் தொகுப்பையும் ஓர் உறுப்பினர் பட்டியலையும் மனத்தில் கொண்ட இடத்தில், லக்கோட்டா மொழி வேண்டும் முறைகளை அவற்றைக் கொண்டுவந்தவரின் ஆடை நிறத்தால் வேறுபடுத்தியது. கடவுளைக் குறிக்க மிஷனரிகள் தேர்ந்ததும் பழைய 'வக்கான் தாங்கா' என்ற சொல்லையே. தடைசெய்யப்பட்ட சடங்கிலும் அனுமதிக்கப்பட்ட திருப்பலியிலும் ஒரே பெயர் அழைக்கப்பட்டது.

1930 ஆகஸ்டில் ஜான் நெய்ஹார்ட் என்ற கவிஞர் வந்தார். ஆவி நடனம் குறித்த தம் காவியத்துக்குச் செய்தி தேடி வந்தவரிடம் பிளாக் எல்க் தம் காட்சியையே ஒப்படைக்க முடிவுசெய்தார். ஆனால் 1931 மே மாத உரையாடல்களின்போது கவிஞரைத் தம் மகனாகத் தத்தெடுத்து, அவருக்கு லக்கோட்டாப் பெயரும் சூட்டினார். இரகசியத்தை அந்நியருக்குச் சொல்ல இயலாது, உறவினருக்குச் சொல்லலாம்.

அவ்வுரையாடல் நூலான வழி மொழியியல் மாணவர் எவரும் நின்று நோக்க வேண்டியது. தந்தை லக்கோட்டாவில் சொல்வார், மகன் பென் அதை ஒதுக்கீட்டு நிலத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார், நெய்ஹார்ட் அதைச் சீரான ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார், அவருடைய மகள் ஈனிட் அதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார், பின்னர் தட்டச்சு, பின்னர் கவிஞரின் எழுதுகோல். 1932இல் 'பிளாக் எல்க் ஸ்பீக்ஸ்' என்ற பெயரில் நூல் வெளிவந்தது. தலைப்பில் பேசுபவர் பிளாக் எல்க். நாம் கேட்பது ஆறாவது குரல். நூல் 1890இன் படுகொலையோடு முடிகிறது. அதன்பின் அவர் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளும் வேதியர் பணியும் அதில் இடம்பெறவில்லை. வளையம் உடைந்தது, கனவு செத்தது என்ற புகழ்பெற்ற துயர முடிவு தம்முடைய சொற்களே எனப் பிற்காலத்தில் நெய்ஹார்டே ஒப்புக்கொண்டார். ரேமண்ட் டிமாலி 1984இல் மூலக் குறிப்புகளைப் பதிப்பித்தபின் இவ்வேறுபாடு அனைவருக்கும் தெளிவாயிற்று. குறிப்புகளில் தென்படும் முதியவர், மரம் மீண்டும் பூக்கும் என்று நம்பி வேலை செய்துகொண்டிருப்பவர். செத்த கனவைப் பற்றிப் புலம்புவதற்காக ஒருவர் தம் காட்சியை முழுமையாகச் சொல்லித் தர மாட்டார்.

நூலைக் கண்ட மிஷன் குருக்கள் திகைத்தனர். 1934 ஜனவரியில் பிளாக் எல்க்கின் கையொப்பத்தோடு ஓர் அறிக்கை வெளியாயிற்று: தாம் கத்தோலிக்க நம்பிக்கையில் உறுதியாக இருப்பதாகவும், நூல் தம் வாழ்வின் முதற்பகுதியை மட்டும் கூறியதாகவும். அதே ஆண்டு செப்டம்பரில் மற்றொரு கடிதம். நூல் வருவாயில் பங்கு தருவதாகச் சொன்ன வாக்கு காக்கப்படவில்லை என்ற மனக்குறை அதில் உண்டு. இவ்வாவணங்களை உண்மையான வாக்குமூலம் என்போரும், அழுத்தத்தில் பெறப்பட்டவை என்போரும் உளர். ஆனால் அதற்கடுத்த ஆண்டுகளில், கோடைதோறும் ரேபிட் சிட்டி அருகே சுற்றுலாப் பயணிகள் முன் மரபுச் சடங்குகளைச் செய்து காட்டியவரும் இவரே. 1947இல் வந்த ஜோசப் எப்ஸ் பிரவுன் என்ற இளைஞரிடம் புனிதப் புகைக்குழாயின் ஏழு சடங்குகளை விரிவாக உரைத்தவரும் இவரே. அது 1953இல் நூலாயிற்று. கத்தோலிக்கத்தின் அருட்சாதனங்களும் ஏழு. பிறரை உறவாக்கிக்கொள்ளும் 'ஹுன்கா' சடங்கும் அவ்வேழில் ஒன்று.

அவருடைய குடும்பச் சாட்சியமும் ஒரே திசையில் நிற்கவில்லை. தந்தை உண்மைக் கத்தோலிக்கர் என்று ஸ்டெல்டென்காம்பிடம் சொன்ன அதே லூசி, தந்தை இறுதிக் காலத்தில் தாம் மெய்யாக நம்புவது புகைக்குழாயின் வழியையே என்று தம்மிடம் கூறியதாகச் சொன்னார் என நெய்ஹார்டின் மற்றொரு மகள் ஹில்டா தம் நூலில் எழுதுகிறார். ஒரு மகள், இரு கேட்போர், இரு தந்தையர். கேட்பவர் யாரோ அவருக்கேற்ப நினைவு தன்னை அடுக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று அரிது.

ஆய்வுலகமும் கட்சி பிரிந்தது. நெய்ஹார்ட் ஒரு கிறித்தவக் கவிஞராக இருந்து மரபைத் திரித்தார் என்றார் ஜூலியன் ரைஸ். இரண்டு சமயங்களையும் அவர் முழு மனத்தோடு ஒருசேரக் கைக்கொண்டார் என்றார் கிளைட் ஹாலர். லக்கோட்டா கத்தோலிக்கமே காலனியத்துக்கு எதிரான ஓர் இருப்பு என்றார் டேமியன் காஸ்டெல்லோ. மூன்றும் கற்கத்தக்க நிலைப்பாடுகள். எனினும் இவ்விவாதத்தில் அடிக்கடி கையாளப்படும் 'கலப்பு' என்ற சொல் கேள்விக்குரியது. கலப்பு என்றால் கலப்பதற்கு முன் தனித்தனியாக, மூடிய கலன்களில் இரு பொருள்கள் இருந்திருக்க வேண்டும். அக்கலன்களைச் செய்தவர்கள் மிஷனரிகளும் இந்திய விவகார அதிகாரிகளும். ஒன்றை ஏற்றால் மற்றதைக் கைவிட வேண்டும் என்ற விதி அவர்களுடையது. பறையைப் பிடுங்கி எறிந்த கை அவ்விதியின் கை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு சொல்லின் இருபொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மக்களின் இறையியலை எழுதிவிட முடியாது. அவ்வாறு எழுதிய பலர் மொழியியலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கின்றனர். ஆனால் பிளாக் எல்க்கின் விடயத்தில் சொல்லோடு செயலும் சான்று பகர்கிறது. காட்சியில் கண்டோரைத் தாத்தா என்றார். இதழ்வழிக் கடிதங்களில் வாசகரை உறவினரே என்று விளித்தார். தம்மைத் தேடி வந்த கவிஞரை மகனாக்கிய பின்னரே முழுக்கதையும் சொன்னார். பழைய வழியை ஏன் விட்டீர் என்று கேட்கப்பட்டபோது, தம் பிள்ளைகள் இவ்வுலகில் வாழ வேண்டியிருந்தது என்ற பொருள்பட விடை தந்ததாக ஹில்டா குறிக்கிறார். கோட்பாட்டை நாடிக் கேட்ட கேள்விக்கு உறவை முன்வைத்து வந்த விடை அது. அதில் இழப்பின் வலியும் உண்டு. அதை மறைத்து இரு சமயங்களின் இனிய சங்கமம் என்று கொண்டாடுவது அவருக்கு இழைக்கும் இன்னொரு அநீதி.

1950 ஆகஸ்டில் மாண்டர்சன் என்ற ஊரில் அவர் இறந்தார். அங்குள்ள புனித ஆக்னஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2016இல், 1931ஆம் ஆண்டு அவர் நின்று வேண்டிய கருங்குன்றுகளின் உச்சிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 7,242 அடி உயரமுள்ள அச்சிகரம் அதுவரை, 1855இல் லக்கோட்டா மக்களைப் படுகொலை செய்த படையின் தளபதி ஹார்னியின் பெயரைத் தாங்கியிருந்தது. 2017இல் ரேபிட் சிட்டி மறைமாவட்டம் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான ஆய்வைத் தொடங்கியது. இதற்கான கோரிக்கை மனுவை அளித்தவர்களுள் அவருடைய பேரப்பிள்ளைகளும் இருந்தனர். உறைவிடப் பள்ளிகளின் கொடுமையை மறக்காத லக்கோட்டா மக்கள் சிலர் இதை ஐயத்தோடு நோக்குகின்றனர். சிலர் பெருமையோடு நோக்குகின்றனர். இரு மனநிலைக்கும் வரலாற்றில் இடமுண்டு.

ஆய்வாளர், சான்று கிடைக்கும் வரை தீர்ப்பை ஒத்திவைக்கப் பழகியவர். இவரைப் பொறுத்தவரை இனிமேல் கிடைக்கும் சான்று எதுவும் தீர்ப்பைத் தராது. கேள்வியே வேறொரு மொழியிலிருந்து கொண்டுவந்து அவர்மீது சுமத்தப்பட்டது. அவருடைய மொழியில் கேட்கக்கூடிய கேள்வி வேறு: யாரையெல்லாம் அவர் உறவாக அழைத்தார், அந்த அழைப்புக்குரிய கடமையைச் செய்தாரா? முதற்பகுதிக்கு விடை நீண்ட பட்டியல்: ஆறு தாத்தாக்கள், வக்கான் தாங்கா, நோயாளிச் சிறுவர்கள், தம் இதழின் வாசகர்கள், தம் சொற்களை மாற்றி எழுதிய ஒரு கவிஞர். இரண்டாம் பகுதிக்கு விடை அவர் வாழ்ந்த எண்பத்தேழு ஆண்டுகளில் இருக்கிறது. அவரால் உறவென அழைக்கப்பட்ட சிலர் தங்கள் பங்கைச் செலுத்தவில்லை. அக்கணக்கு இன்னும் தீரவில்லை.